மேயராக இருந்தவர் நீதிபதி ஆகலாமா? (ஃபிராங்க் மர்பி பற்றி)

கேள்வி
2024 மார்ச் 2, இரவு 10.15

அமெரிக்காவில் கட்சி மேடையேறி ஓட்டுக் கேட்டவர்கள், நகர மேயராக இருந்தவர்கள்கூடப் பிறகு கூட்டரசு நீதிபதியாகிவிடுகிறார்களாமே. அதுவும் ஆயுள் முழுக்கப் பதவி. ஓட்டுக்காகப் பேசிப் பழகிய வாய் எப்படி நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்லும்? அப்படி வந்தவர்களில் ஒருவர்கூட நல்ல நீதிபதியாக இருந்திருக்க முடியாது என்பது என் கட்சி. இருந்தால் ஒரு பெயர் சொல்லுங்கள்.

2024 மார்ச் 2, இரவு 11.50

ஃபிராங்க் மர்பி. 1930 முதல் 1933 வரை டெட்ராய்ட் மேயர். 1940 முதல் 1949இல் சாகும்வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. நாளை எழுதுகிறேன்.

2024 மார்ச் 3, காலை 6.20

தூக்கம் வரவில்லை, அதனால் விடியும்போதே உட்கார்ந்துவிட்டேன். நான் 27 வருஷம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டுக்கும் நீதிபதி மேசைக்கும் நடுவில் நின்று பேசிப் பேசியே வயதானவள். இந்த மனிதரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

மர்பி 1890 ஏப்ரல் 13 அன்று மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரான் ஏரிக்கரை ஊரான ஹார்பர் பீச்சில் பிறந்தார். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா வக்கீல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1914இல் சட்டம் முடித்தார். முதல் உலகப் போரில் ராணுவ கேப்டன். திரும்பி வந்து சில வருஷம் அரசுத் தரப்பு வழக்கறிஞர். 1923இல் தேர்தலில் நின்று டெட்ராய்ட் குற்றவியல் நீதிமன்றத்துக்கு நீதிபதியானார். ரெக்கார்டர்ஸ் கோர்ட் என்பார்கள். ஆக மேயராவதற்கு முன்பே அவர் நீதிபதி, அதுவும் ஓட்டில் ஜெயித்த நீதிபதி. இது கேள்வி கேட்ட தம்பியின் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்யும், தெரியும்.

அந்தக் கோர்ட்டில் 1925இல் ஒரு வழக்கு வந்தது. ஓசியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர் வெள்ளையர்கள் வாழும் தெருவில் வீடு வாங்கிக் குடிபோனார். செப்டம்பர் 8இல் குடியேற்றம். மறுநாள் இரவே வீட்டைச் சுற்றிக் கூட்டம், கல்வீச்சு. உள்ளேயிருந்து துப்பாக்கி வெடித்தது, வெளியே ஒரு வெள்ளையர் செத்தார். உள்ளே இருந்த 11 பேர்மேலும் கொலைக்குற்றம். டாக்டரின் மனைவியும் அதில் ஒருவர். மற்ற நீதிபதிகள் கைவைக்கத் தயங்கிய வழக்கை மர்பி எடுத்துக்கொண்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. ஜூரியில் எல்லாரும் வெள்ளையர். முதல் விசாரணையில் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1926இல் டாக்டரின் தம்பி ஹென்றியைத் தனியாக விசாரித்தபோது விடுதலை. மீதிப் பேர் மேலிருந்த வழக்கை அரசுத் தரப்பே கைவிட்டது.

ஜூரிக்கு மர்பி சொன்ன அறிவுரையின் சாரம் இது: வெள்ளையரோ கறுப்பரோ, ஒருவர் வீடு அவருக்குக் கோட்டை. 1925 டெட்ராய்ட்டில் இதை நீதிபதி ஆசனத்திலிருந்து சொல்வது லேசான காரியம் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆதரவோடு நின்ற சார்லஸ் பவுல்ஸ் மேயர் பதவியைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்திருந்தார்.

2024 மார்ச் 3, மாலை 5.10

“1930இல் கறுப்பின மக்கள் ஓட்டு முழுக்க மர்பிக்குத்தானே விழுந்தது, ஸ்வீட் வழக்கு அதற்குப் போட்ட முதலீடுதானே” என்று தம்பி கேட்டிருக்கிறார். விழுந்தது உண்மை. மர்பிக்குப் பதவி ஆசை இருந்ததும் உண்மை, வாழ்நாள் முழுக்க அது அவரை விடவில்லை. தன்னைப் பற்றிப் பத்திரிகையில் என்ன வருகிறது என்பதில் அவருக்கு இருந்த கவனம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் 1925இல் ஓட்டுக்கணக்குப் போடுகிறவன் அந்த ஊரில் எந்தப் பக்கம் சாய்வான்? கல் எறிந்த கூட்டம்தான் எண்ணிக்கையில் பெரிது.

2024 மார்ச் 4, காலை 9.00

மேயர் கதை. நேற்று நான் பெயர் சொன்ன பவுல்ஸ் 1930இல் மேயராகியே விட்டார். ஏழே மாதம். 1930 ஜூலையில் மக்களே ஓட்டுப்போட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். முடிவு வந்த அந்த இரவில், வானொலியில் அவரை விமர்சித்துவந்த ஜெரி பக்லி என்பவரை ஹோட்டல் வரவேற்பறையில் சுட்டுக் கொன்றார்கள். ஊர் அப்படி இருந்தது. செப்டம்பரில் இடைத்தேர்தல், மர்பி ஜெயித்தார்.

பொருளாதார மந்தம் அமெரிக்காவிலேயே மிக மோசமாக அடித்த நகரங்களில் டெட்ராய்ட் ஒன்று. கார் விற்காவிட்டால் அந்த ஊரில் அடுப்பு எரியாது. மர்பி வேலையில்லாதவர்களுக்காக ஒரு குழு அமைத்தார். மூடிக்கிடந்த தொழிற்சாலைக் கட்டடத்தை வீடற்றவர்கள் தங்கும் விடுதியாக்கினார். காலிமனைகளில் காய்கறித் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். நகரத்தின் கஜானாவோ காலி, கடன் கொடுத்த வங்கிகள் நிவாரணச் செலவைக் குறை என்று நெருக்கின. நகரங்களால் மட்டும் இதைத் தாங்க முடியாது, கூட்டரசு கைகொடுக்க வேண்டும் என்று 1932இல் மற்ற மேயர்களை டெட்ராய்ட்டில் கூட்டிவைத்துப் பேசினார். அமெரிக்க மேயர்கள் மாநாடு என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது, முதல் தலைவர் அவர்தான்.

1932 மார்ச் 7இல் வேலையிழந்தவர்கள் ஃபோர்டு தொழிற்சாலையை நோக்கி நடந்த பசி ஊர்வலத்தை டெட்ராய்ட் எல்லைக்குள் அவர் தடுக்கவில்லை. எல்லை தாண்டி டியர்போர்னில் கால்வைத்ததும் அந்த ஊர்ப் போலீசும் ஃபோர்டு காவலாட்களும் சுட்டார்கள். அன்று நான்கு பேர் செத்தார்கள், காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார்.

2024 மார்ச் 4, பிற்பகல் 2.30

ஒரு திருத்தம். காலையில் “வீடற்றவர்கள் விடுதி” என்று ஒற்றை வரியில் தாண்டிப்போனேன். அந்த நிவாரணம் பலருக்குப் போதவே இல்லை. ஊர்வலம் போனவர்கள் மர்பிமேலும் கோபமாகத்தான் இருந்தார்கள். எல்லாருக்கும் சோறு போட்ட மகராசன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 மார்ச் 5, இரவு 9.15

இன்று ஃபிளின்ட். இதைச் சொல்லாமல் மர்பியைச் சொல்ல முடியாது.

நடுவில் 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை, அப்போது அமெரிக்காவின் கீழிருந்த பிலிப்பைன்ஸுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார். 1935இல் அது தன்னாட்சி நாடானதும் அங்கேயே உயர் ஆணையர். பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டத்தில் 1933 டிசம்பரில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். (பிறகு 1935 அரசியல் சட்டம் அந்த உரிமையை ஒரு வாக்கெடுப்போடு முடிச்சுப்போட்டது. 1937இல் பெண்களே நான்கு லட்சத்துக்கு மேல் ஓட்டுப்போட்டு அதை மீட்டார்கள்.) அந்த நாட்டின்மேல் அவருக்கு இருந்த பாசம் கடைசிவரை மாறவில்லை. இது பின்னால் தேவைப்படும்.

1937 ஜனவரி 1இல் மிச்சிகன் ஆளுநராகப் பதவியேற்றார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், டிசம்பர் 30 அன்று, ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளிருப்பு வேலைநிறுத்தம். வெளியே நின்றால் வேறு ஆள் வைத்து இயந்திரத்தை ஓட்டிவிடுவார்கள், உள்ளே உட்கார்ந்தால் முடியாது. நிர்வாகம் கோர்ட்டுக்குப் போய் வெளியேற்ற ஆணை வாங்கியது. அந்த ஆணை தந்த நீதிபதி அதே கம்பெனியின் பங்குகளைப் பெரிய தொகைக்கு வைத்திருந்தது வெளியே வந்து ஊர் நாறியது. இரண்டாவது நீதிபதி பிப்ரவரியில் இன்னொரு ஆணை தந்தார். இதில் குறை சொல்ல வழி இல்லை, சட்டப்படி நிறைவேற்றியாக வேண்டும்.

மர்பி தேசியக் காவல் படையை ஃபிளின்ட்டுக்கு அனுப்பியிருந்தார். ஜனவரி 11இல் போலீசுக்கும் தொழிலாளருக்கும் நடந்த மோதலுக்குப் பிறகு அனுப்பியது. ஆனால் அந்தப் படை ஆலைக்குள் புகவில்லை. இரு தரப்புக்கும் நடுவில் நின்றது. அவர் ஆணையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இரண்டு பக்கத்தையும் பேச வைத்தார். பிப்ரவரி 11, 44ஆவது நாள், ஒப்பந்தம். தொழிற்சங்கத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

தம்பி இங்கேதான் என்னைப் பிடிக்க வேண்டும், அவர் பிடிக்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கோர்ட் ஆணையை நிறைவேற்றாத ஒருவர் பின்னால் நாட்டின் உச்ச கோர்ட்டில் உட்காருகிறார். கோர்ட்டில் வேலை பார்த்த எனக்கு இது முதலில் வாசித்தபோது உறுத்தியது, இன்னமும் உறுத்துகிறது. ஆணை எங்கள் கண்ணில் சாமி மாதிரி. ஆனால் உள்ளே இருந்தவர்களைத் துப்பாக்கிமுனையில் இறக்கியிருந்தால் எத்தனை பிணம் விழுந்திருக்கும் என்று நினைக்கும்போது, அவர் எடுத்த நாட்கள் வீண் நாட்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1938 தேர்தலில் தோற்றார். ஃபிளின்ட்டும் அதற்கு ஒரு காரணம்.

2024 மார்ச் 6, காலை 7.45

1939 முழுக்க அவர் அமெரிக்காவின் சட்டத்துறைத் தலைவர். ஒரே வருஷம். அதற்குள் நீதித்துறையில் குடிமக்களின் உரிமைகளுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். கன்சாஸ் சிட்டியை ஆட்டிப்படைத்த டாம் பெண்டர்காஸ்ட், மர்பியின் சொந்தக் கட்சிக்காரர்தான், வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார்.

1940 ஜனவரியில் ரூஸ்வெல்ட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார்.

2024 மார்ச் 7, இரவு 10.40

இப்போது நீதிபதி மர்பி. நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்பதால் முதலில் குறைகள்.

சட்ட நுணுக்கத்தில் அவர் பெரிய ஆள் இல்லை என்று சக நீதிபதிகளே நினைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிராங்க்ஃபர்ட்டர் அவரை “புனிதர்” என்று பட்டப்பெயர் வைத்துப் பேசினார், அது பாராட்டு இல்லை. இரக்கம் கலந்த நீதி என்ற பழைய தொடரை மாற்றி “மர்பி கலந்த நீதி” என்று வக்கீல்கள் கேலி செய்தார்கள். எழுதும் வேலையில் உதவியாளர்களை அதிகம் நம்பினார்.

1942இல் சாப்ளின்ஸ்கி என்ற வழக்கில், எதிராளியைச் சண்டைக்கு இழுக்கும் வசைச்சொற்களுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று எல்லார் சார்பிலும் தீர்ப்பு எழுதியவர் இவர்தான். அமைதியாக மறியல் செய்வதும் பேச்சுரிமையே என்று 1940இல் தார்ன்ஹில் வழக்கில் எழுதிய அதே கை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்காது.

1943இல் ஹிரபயாஷி வழக்கு. மேற்குக் கரையில் ஜப்பானிய வம்சாவளிக்காரர்களுக்கு மட்டும் இரவு ஊரடங்கு, அது செல்லுமா என்பது கேள்வி. மர்பி எதிர்த்து எழுத ஆரம்பித்தார். போர்க்காலம், கோர்ட் ஒரே குரலில் பேச வேண்டும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் வற்புறுத்த, எதிர்ப்பை இசைவாக மாற்றிக்கொண்டார். ஜெர்மனியில் யூதர்களை நடத்துவதன் சாயல் இதில் இருக்கிறது என்றும், அரசியல் சட்டம் தாங்கும் எல்லையின் ஓரத்துக்கே இது வந்துவிட்டது என்றும் எழுதியும், கடைசியில் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். தப்பு என்று தெரிந்தும், எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது தனியாக விலகி நிற்க முடியாமல் போவது எனக்கும் தெரிந்ததுதான். அது பற்றிப் பிறகு.

2024 மார்ச் 8, மாலை 6.30

அடுத்த வருஷம், 1944 டிசம்பர் 18, கொரமாட்சு வழக்கு. இந்த முறை ஊரடங்கு இல்லை, ஊரைவிட்டே வெளியேற்றம். சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்திருந்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். கோர்ட் 6க்கு 3 என்று அரசு பக்கம் நின்றது. எதிர்த்த மூவரில் மர்பி ஒருவர். இது இனவெறியின் அருவருப்பான பாதாளத்தில் விழுவது என்று எழுதினார்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த வாக்கியத்தை. எனக்குப் பிடித்தது வேறு இடம். மேற்குக் கரை ராணுவத் தளபதி டிவிட் கொடுத்த அறிக்கையை அவர் வரிவரியாகப் பிரித்துப்போடுகிறார். யார் எதைச் செய்தான் என்று எதுவும் அதில் இல்லை, பாதி உண்மையும் வதந்தியும்தான். ஆளாளாக விசாரிக்க நேரம் இல்லை என்கிறீர்களே, பிரிட்டனில் சுமார் 74,000 ஜெர்மன், ஆஸ்திரியக்காரர்களை ஆறு மாதத்தில் ஒவ்வொருவராக விசாரித்தார்களே, இங்கே ஏன் முடியாது என்று கேட்கிறார். இது மேயர் வேலை பார்த்தவனின் கேள்வி என்று எனக்குத் தோன்றும். வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதி நிவாரணம் கொடுத்து நடத்திய நிர்வாகிக்கு, “முடியாது” என்ற பதில் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று தெரியும்.

கொரமாட்சுவின் தண்டனையை 1983இல் ஒரு கூட்டரசு நீதிபதி ரத்து செய்தார். 1988இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரச் சட்டம் போட்டது. மர்பி செத்து அப்போது 39 வருஷம்.

2024 மார்ச் 10, இரவு 11.20

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஜப்பானிய ஜெனரல் யமாஷிதா. நம்மூரில் இந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. 1941 டிசம்பரில் வடக்கிலிருந்து மலாயாவுக்குள் இறங்கி, 1942 பிப்ரவரி 15க்குள் சிங்கப்பூர்வரை பிடித்தவர். மலாயாப் புலி. சிங்கப்பூரில் அவர் படை சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் கொடுமை அவர் இருந்தபோதே நடந்தது. எங்கள் தாத்தாவின் அண்ணன், பெரிய தாத்தா என்போம், கீழ்ப் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எந்த இடத்தில் புதைத்தார்கள் என்றும் தெரியாது. யமாஷிதாவைத் தூக்கில் போட்ட சேதி வந்த அன்று தொழிலாளர் லயத்தில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள் என்று தாத்தா சொல்வார். மரவள்ளிக்கிழங்கையே தின்று செத்துப் பிழைத்த ஜனம், கோழி அடித்தது என்றால் அது திருவிழா.

அந்த யமாஷிதாவுக்காக மர்பி நின்றார்.

1944 அக்டோபரில் யமாஷிதா பிலிப்பைன்ஸ் தளபதியாகப் போனார். 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவில் ஜப்பானியப் படை நடத்திய கொலையிலும், நகரைப் பிடிக்க நடந்த சண்டையிலுமாகச் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். மர்பி ஆட்சி செய்த நகரம், அவர் நெஞ்சில் வைத்திருந்த நகரம். போரின்போது நீதிபதி வேலைக்கு நடுவே விடுமுறையில் ராணுவச் சீருடை போட்டுப் பயிற்சிக்குப் போனார், பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த மனிதரிடம்தான் யமாஷிதாவின் மனு வந்து நின்றது. 1946 பிப்ரவரி 4 அன்று கோர்ட் 6க்கு 2 என்று தள்ளுபடி செய்தது. எதிர்த்த இருவர் மர்பியும் ரட்லெட்ஜும்.

முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக வாதாடுகிறாய், எங்கள் வீட்டு ஆளைக் கொன்றவனுக்காகவா என்று.

2024 மார்ச் 11, காலை 8.05

நேற்று எழுதியதில் பெரிய பிழை. இரவிலேயே ஒரு நண்பர் தனியாகச் சுட்டிக்காட்டினார், நன்றி.

யமாஷிதா 1942 ஜூலையில் மலாயாவை விட்டு மஞ்சூரியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாமுக்குக் கூட்டம்கூட்டமாகக் கொண்டுபோனது பெரும்பாலும் 1943இல். பெரிய தாத்தாவைக் கொண்டுபோனதும் அந்த வருஷம்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். ஆகவே அவரைப் பிடித்துக்கொண்டு போனதில் யமாஷிதாவுக்குக் கை இல்லை. “எங்கள் வீட்டு ஆளைக் கொன்றவன்” என்று எழுதினேனே, அது பொய்க்குற்றச்சாட்டு. அழிக்காமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன், கீழே இது இருக்கட்டும்.

2024 மார்ச் 11, இரவு 9.50

காலையிலிருந்து அந்தப் பிழை மனசை விட்டுப் போகவில்லை. எழுபது எண்பது வருஷமாக ஒரு குடும்பம், கையில் கிடைத்த ஒரே பெயர்மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவைத்திருந்தது. அவர் சிங்கப்பூரில் செய்ததற்குக் கணக்கு வேறு. அதற்காக அவரை மணிலாவில் யாரும் விசாரிக்கவே இல்லை.

மணிலாக் குற்றச்சாட்டுப் பத்திரம் என்ன சொன்னது? தன் கீழிருந்த படையைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று. அவர் உத்தரவிட்டார் என்று இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று இல்லை. மணிலாவைக் கொன்று எரித்தது பெரும்பாலும் கடற்படை அதிகாரி இவாபுச்சியின் ஆட்கள். யமாஷிதா மலையில் இருந்தார், தொடர்பு அறுந்துபோயிருந்தது. மர்பி இதை ஒரே மூச்சில் கேட்கிறார்: உன் தகவல் தொடர்பையும் கட்டுப்பாட்டையும் உடைப்பதற்கு எங்களால் ஆனதெல்லாம் செய்தோம், உடைத்தோம், இப்போது கட்டுப்பாடு இல்லை என்று உன்னைத் தண்டிக்கிறோம் என்கிறீர்களா என்று.

அதோடு, முதலில் தந்த 64 குற்ற விவரங்கள் போதாதென்று, விசாரணைக்கு மூன்று நாள் முன்பு மேலும் 59. அவகாசம் கேட்டால் மறுப்பு. விசாரித்த ஐந்து பேரும் ஜெனரல்கள், ஒருவர்கூட வக்கீல் இல்லை. 286 சாட்சிகள். அக்டோபர் 29இல் தொடங்கி டிசம்பர் 7இல் மரண தண்டனை.

நான் எத்தனை ஆயிரம் சார்ஜ் வாசித்திருப்பேன் என்று எண்ணியதில்லை. ஒட்டுப்பால் திருட்டு, சம்சு குடித்துவிட்டு அடிதடி. மலாயில் இருப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்தாய், எந்தப் பிரிவு. இதில் ஒன்று விட்டுப்போனாலும் கூண்டில் நிற்கிற ஆள் சரியாக அதையே கேட்பார். “எந்த நாளும்மா சொல்றாங்க? அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில கெடந்தேனே.” படிக்காத தோட்டத்து ஆள். அவருக்குத் தெரியும், நாள் இல்லாத குற்றத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு நாள், பண்டிகைக்கு முந்தின நாள், வரிசை வாசல்வரை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சுருக்கமாகத்தான் வாசிக்கிறார்கள் என்று நானும் ஒருவருக்குச் சார்ஜைச் சுருக்கிச் சொன்னேன். “திருட்டுக் கேஸ், ஒத்துக்கிறீங்களா?” அவர் தலையாட்டினார். அபராதம் எழுதப்போன நேரத்தில் அந்த மனிதர், “ரெண்டு மூட்டைன்னா சொன்னாங்க? நான் எடுத்தது ஒண்ணுதாம்மா” என்று போலீஸ்காரரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எழுந்து நின்று, “துவான், நான் முழுதாக வாசிக்கவில்லை” என்றேன். கை நடுங்கியது. மாஜிஸ்திரேட் ஒன்றும் திட்டவில்லை, மறுபடி வாசிக்கச் சொன்னார். அந்த மனிதர் இந்த முறை மறுத்தார், வழக்குத் தள்ளிப்போனது. அன்றைக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு வரிகூடச் சுருக்கியதில்லை.

யமாஷிதா தீர்ப்பில் மர்பி எழுதிய இடத்துக்கு வருகிறேன். இந்த உரிமைகள் போரில் ஜெயித்தவனுக்கு மட்டும் சொந்தமில்லை, தோற்றவனுக்கும், எந்த இனம் எந்த நிறம் எந்த நம்பிக்கை ஆனாலும் உலகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் சொந்தம் என்கிறார். 1943இல் ஹிரபயாஷிக்காகத் தனியே நிற்க முடியாமல் போன அதே ஆள். மூன்று வருஷத்தில், தனக்கு மிகவும் வேண்டிய மக்களைக் கொன்ற படையின் தளபதிக்காக நின்றார்.

பிப்ரவரி 23இல் தூக்குத் தண்டனை நிறைவேறியது. மர்பி எழுதியதால் எதுவும் தடைபடவில்லை.

2024 மார்ச் 12, பிற்பகல் 1.15

“பிலிப்பைன்ஸை ஆண்டவர் அந்த வழக்கில் உட்கார்ந்தே இருக்கக் கூடாது” என்று ஒருவர். யோசிக்க வேண்டிய பேச்சுதான். 1942இல், அமெரிக்காவுக்குள் நாசவேலைக்கு வந்த நாஜிகளின் வழக்கில் தான் சீருடையில் இருப்பதைக் காரணம் காட்டி அவர் விலகிக்கொண்டார். இதில் விலகவில்லை. ஆனால் பாரபட்சம் இருந்திருந்தால் அது யமாஷிதாவுக்கு எதிராகத்தானே இருந்திருக்கும்?

தம்பிக்கு இன்னொரு சேதி. யமாஷிதா வழக்கில் பெரும்பான்மைப் பக்கம் நின்ற ஹெரால்ட் பர்ட்டனும் பழைய மேயர்தான், கிளீவ்லாந்தில், 1935 முதல் 1940 வரை. முன்னாள் மேயர்கள் இரண்டு பேர், ஒரே வழக்கில் எதிரெதிர்ப் பக்கம். அதே கிளீவ்லாந்தில் 1953 முதல் 1962 வரை மேயராக இருந்த ஆன்டனி செலிப்ரீசியும் 1965இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிபதியானார். இத்தாலியில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அவரைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள்.

2024 மார்ச் 12, இரவு 8.00

முடிவு கேட்டிருக்கிறீர்கள். 1949 ஜூலை 19, டெட்ராய்ட்டில் மாரடைப்பு, வயது 59. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊர் ஹார்பர் பீச்சில் அடக்கம். இரண்டே மாதத்தில், செப்டம்பரில், ரட்லெட்ஜும் போய்விட்டார். டெட்ராய்ட் குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்துக்குப் பிறகு அவர் பெயர் வைத்தார்கள்.

2024 மார்ச் 16, மாலை 4.40

தெலுக் இந்தானில் இருக்கும் அத்தைக்கு ஃபோன் பண்ணினேன். அப்பாவின் அக்கா. 1943இல் எட்டு வயது, இப்போது எண்பத்தொன்பது. காது மந்தம், ஞாபகம் துல்லியம்.

“அத்தை, பெரிய தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனது யாரு?”

“ஜப்பான்காரன்.”

“ஜப்பான்காரன் வந்து பேரு கேட்டானா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: “அவனுக்கு எங்க பேரு எங்க தெரியும்? ஆபீஸ்ல லிஸ்ட் எழுதினது கிராணி.”

தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். பெயரும் சொன்னார். இத்தனை தலை வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு, எழுதாவிட்டால் கிராணியையே ரயிலேற்றுவோம் என்றார்களாம். அத்தை இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. “அவரும் புள்ளகுட்டிக்காரர்தானே” என்றார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், தனியாகக் கேட்காதீர்கள். அவர் செத்துப் பல வருஷம், பேரப்பிள்ளைகள் இதே மாநிலத்தில் இருக்கிறார்கள். லிஸ்ட்டை நான் பார்க்கவில்லை.